பழைய பைக், தேய்ஞ்ச டிஸ்க்: வடசென்னையில் வண்டி ஓட்டுறவங்களுக்கு ஒரு திரெட்

எண்ணூர் விரைவுச் சாலை, மணலி ரோடு, திருவொற்றியூர் நெடுஞ்சாலை. இதுல தினமும் பைக்ல வேலைக்குப் போறவரா நீங்க? வண்டிக்கு ஏழெட்டு வயசு தாண்டிருச்சா? அப்போ இது உங்களுக்குத்தான்.

டாக்டருக்கு மெக்கானிக் வேலை எதுக்குன்னு கேட்பீங்க. அடிபட்டு வர்றவங்ககிட்ட "எப்படி விழுந்தீங்க?"ன்னு கேட்டா அடிக்கடி வர்ற பதில்: "பிரேக் புடிச்சேன் சார், நிக்கல."

இந்த "நிக்கல"வுக்கு ஒரு கணக்கு இருக்கு. 60 கி.மீ. வேகத்துல வண்டி நொடிக்கு சுமார் 17 மீட்டர் போகும். கண்ணு பாத்து, மூளை முடிவெடுத்து, விரல் லிவரை அமுக்க ஒரு நொடின்னு வெச்சுக்கோங்க. அதுலயே 17 மீட்டர் காலி. அதுக்கப்புறம் நல்ல பிரேக் இருக்கிற வண்டி காய்ஞ்ச ரோட்டுல சுமார் 28 மீட்டர்ல நிக்கும். பிரேக் பிடிப்பு மூணுல ஒரு பங்கு குறைஞ்சா 42 மீட்டர் ஆகும். வித்தியாசம் 14 மீட்டர். நம்ம ரோட்டுல முன்னாடி போகுதே 40 அடி கண்டெய்னர், அதோட நீளமே 12 மீட்டர் சொச்சம்தான்.

இப்ப டிஸ்க்குக்கு வருவோம். முன் சக்கரத்துல இருக்கிற அந்த வட்டத் தட்டு காலத்துக்கும் இருக்கும்னுதான் பலரும் நினைக்கிறாங்க. பேடு மட்டும் மாத்துவாங்க, டிஸ்க்கைத் தொட மாட்டாங்க. ஆனா பேடு தேயுறப்போ டிஸ்க்கும் சேர்ந்துதான் தேயுது. எவ்வளவு தேயலாம்னு கம்பெனியே டிஸ்க் மேல பொறிச்சு வெச்சிருக்கும். 'மினிமம் திக்னஸ்'னு சுருக்கமா எழுதி பக்கத்துல மில்லிமீட்டர்ல ஒரு எண் இருக்கும், துணியால துடைச்சா தெரியும். அளக்கும்போது ஒரு விஷயம். பேடு படாத வெளி ஓரம் தேயாம மேடா நிக்கும். வெர்னியரை அங்க வெச்சு அளந்துட்டு "இன்னும் நல்லாருக்குணா"ன்னு சொல்றது தப்பு. பேடு உரசுற இடத்துல மைக்ரோமீட்டர் வெச்சு நாலஞ்சு இடத்துல அளக்கச் சொல்லுங்க.

மெலிஞ்ச டிஸ்க்கால என்ன ஆகும்? சூட்டை வாங்கிக்க இரும்பு போதாது. சீக்கிரம் கொதிக்கும், வளையும், விரிசல் விடும். பிரேக் புடிச்சா லிவர் துடிக்கிறது பெரும்பாலும் டிஸ்க் வளைஞ்சதோட அறிகுறி, இல்லைன்னா சமமில்லாம தேய்ஞ்சிருக்கும். சில இடத்துல லேத்துல குடுத்து சீவிட்டு வந்து மாட்டுறாங்க. ஏற்கெனவே மெலிஞ்சதை இன்னும் மெலிசாக்கறதுக்குக் காசு குடுக்கிறோம்! எனக்கு இதுல சமரசமே கிடையாது. எண்ணுக்குக் கீழ போயிருச்சா, மாத்திடுங்க. சாதாரண 150 சிசி வண்டிக்கு ஒன்றிரண்டு ஆயிரம் ரூபாய் விஷயம். எவனோ கழட்டிப் போட்ட பழைய டிஸ்க்கைத் தேடிப் போகாதீங்க.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு பிரச்சினை இருக்கு. ஒரு பக்கம் உப்புக் காத்து, இன்னொரு பக்கம் அனல் மின் நிலையச் சாம்பல், ரோட்டுல கடல் மணல். டிஸ்க் மேல ஒரே ராத்திரியில படியற லேசான துரு நாலு தடவை பிரேக் புடிச்சா போயிடும், அதுக்குப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது காலிப்பர் நகர்ற பின் துருப்பிடிச்சு இறுகறதுக்குத்தான். இறுகினா ஒரு பக்கத்து பேடு எப்பவும் உரசிக்கிட்டே இருக்கும், டிஸ்க் கோணலா தேயும். பின்னைச் சுத்தம் பண்ணாம புது டிஸ்க் மட்டும் போட்டா அதுவும் அதே கதிதான். சுகரைக் கட்டுப்படுத்தாம புண்ணுக்கு மட்டும் கட்டு போடுற கதை. துரு போகட்டும்னு டிஸ்க்கை டீசல் துணியால துடைக்கவே துடைக்காதீங்க, எண்ணெய் பட்ட பேடு புடிக்காது.

பிரேக் ஆயிலும் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறினா கொதிநிலை குறையும், சூடானா லிவர் உள்ள போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்துங்க.

மெக்கானிக் தம்பிகளுக்கு ஒண்ணு சொல்லணும். பிரேக் தூசியைக் காத்து அடிச்சு ஊதாதீங்கப்பா. பழைய பேடு, ஷூ சிலதுல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். நுரையீரலுக்குள்ள போனா இருபது முப்பது வருஷம் கழிச்சுக்கூட புற்றுநோயா வரும். ஈரத்துணி போதும்.

இனி கொஞ்சம் கோபம். புகை சர்டிபிகேட் ஆறு மாசத்துக்கோ வருஷத்துக்கோ ஒருமுறை வாங்கணும். ஆனா சொந்த பைக்கோட பிரேக்கை, பதிவு முடியற 15 வருஷம் வரைக்கும் யாரும் பாக்க வேண்டியதில்ல. 125 சிசிக்கு மேல ஏபிஎஸ் கட்டாயம்னு 2019 ஏப்ரல்ல வந்துச்சு, நல்லது. அதுக்கு முன்னாடி வாங்கின வண்டிகள் இன்னும் ஓடிக்கிட்டுதானே இருக்கு? 1955ல தொடங்கின என்ஃபீல்டு இந்தியா புல்லட் செஞ்சு அனுப்பின ஊரு நம்ம திருவொற்றியூர். பிரேக் பாக்கத் தெரிஞ்ச கைக்கு இங்க பஞ்சமா?

விழுந்தப்புறம் முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏத்துக்கிற 'நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021லிருந்து இருக்கு, அருமையான திட்டம். விழறதுக்கு முன்னாடி? கேட்ல ஹெல்மெட் இருக்கான்னு பாக்குற கம்பெனிகள், கான்ட்ராக்ட் தொழிலாளி வண்டியோட டிஸ்க்கையும் மாசம் ஒருநாள் அளந்து பாக்கலாம். ஒரு மைக்ரோமீட்டர், ஒரு ஆள் போதும். சங்கத்துல இருக்கிறவங்க இதைக் கேளுங்க.

டிஸ்க் மாத்தும்போது பேடும் புதுசா போடுங்க. டிஸ்க் மேல தடவியிருக்கிற எண்ணெய்ப் படலத்தை பிரேக் கிளீனரால துடைச்சிட்டு மாட்டச் சொல்லுங்க. முதல் 200-300 கி.மீ. திடீர் பிரேக் இல்லாம ஓட்டுங்க. கடையை விட்டுக் கிளம்புறதுக்கு முன்னாடி, வண்டி நிக்கும்போதே லிவரை நாலஞ்சு தடவை அமுக்கி கெட்டியாகுதான்னு பாருங்க. பேடு மாத்தினப்புறம் முதல் அமுக்குல பிரேக்கே இருக்காது.