கார் ஏற்றும் டிரெய்லருக்கு கொக்கி போதுமா? 8 கார்களையும் பிடித்து நிறுத்துவது 2 அங்குல 'பின்'தான்!

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை பக்கம் ராத்திரி நேரத்தில் போனவர்களுக்கு இந்தக் காட்சி புதுசு அல்ல. புத்தம் புது கார்களை வயிற்றில் அடக்கிக்கொண்டு நீளமான டிரெய்லர் லாரிகள் ரோட்டில் ஊர்ந்து போகும். வேலூர், கிருஷ்ணகிரி, சேலம் என்று ஊர் ஊராக ஷோரூம் வாசலில் கார்களை இறக்கிவிட்டு வரும் வண்டிகள் இவை.

ஒரு டிரெய்லரில் மேல் தட்டு, கீழ் தட்டு இரண்டிலும் சேர்த்து 6 முதல் 8 கார்கள் வரை ஏறும். இத்தனையையும் முன்னால் உள்ள இழுவை லாரியோடு சேர்த்துப் பிடித்திருப்பது ஒரே ஒரு இணைப்புதான். சொந்தமாக டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் டயர் எப்படி, பைனான்ஸ் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். இணைப்பு எந்த வகை என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. சில நேரம் வருவதே இல்லை.

வெயிட்டு இல்லாத லோடா?

சின்ன கார் ஒன்றின் எடை சுமார் ஒரு டன். 8 கார் ஏற்றினாலும் 8, 9 டன்தான். சிமெண்டு, இரும்புக் கம்பி ஏற்றும் லாரியோடு ஒப்பிட்டால் இது தூசு. அதனால் சாதாரணக் கொக்கி போதுமே என்று நினைக்கத் தோன்றும். சிக்கல் எடையில் இல்லை, உயரத்திலும் நீளத்திலும் இருக்கிறது. மேல் தட்டில் நாலு கார், பக்கவாட்டில் அடிக்கும் காற்று, பின்னால் நீண்டு கிடக்கும் கூண்டு. இவைதான் வண்டியை ஆட்டுகின்றன.

இணைப்பில் முக்கியமாக 2 வகை உண்டு. ஒன்று கொக்கியும் வளையமும். கரும்பு ஏற்றும் டிராக்டரின் பின்னால் டிரெய்லர் மாட்டுவதைப் பார்த்திருப்பீர்களே, கிட்டத்தட்ட அதே முறைதான். விலை குறைவு, மாட்டுவது சுலபம். ஆனால் டிரெய்லர் பக்கவாட்டில் சாய்ந்தால் கொக்கி அதைத் தாங்காது. பின்னால் என்ன நடக்கிறது என்பதே சில நேரம் டிரைவருக்குத் தெரியாது. ரிவர்ஸ் எடுப்பதும் பெரும்பாடு.

இன்னொன்று 'பிப்த் வீல்'. இழுவை லாரியின் பின் ஆக்சிலுக்கு மேல் ஒரு பெரிய இரும்புத் தட்டு இருக்கும். டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் 'கிங் பின்' அந்தத் தட்டின் தாடைக்குள் போய் பூட்டிக்கொள்ளும். டிரெய்லரின் எடையில் ஒரு பகுதி லாரியின் பின் சக்கரத்தில் இறங்குவதால் பிடிமானம் கிடைக்கும். டிரெய்லர் சாயப் பார்த்தால் தட்டு தடுக்கும். நெடுஞ்சாலையில் 8 கார் ஏற்றிப் போகிறவருக்கு இதுதான் சரி. அதையும் மீறிச் சாய்ந்தால் முன் வண்டியையும் சேர்த்தே கவிழ்த்துவிடும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

இதில் இன்னொரு குறையும் உண்டு. தட்டு உயரமாக இருப்பதால் டிரெய்லரின் முன்பக்கத் தளமும் உயர்ந்துவிடும். அமெரிக்காவில் இதற்கு வேறு வழி கண்டார்கள். அங்கு பல கார் டிரெய்லர்களில் இணைப்பை ஆக்சிலுக்குப் பின்னால், கீழே இறக்கி வைக்கிறார்கள். தளம் தாழ்கிறது, கேபினுக்கு மேலேயும் கார் ஏற்றலாம். இந்த வகை வண்டிகள் 80 அடி நீளம் வரை ஓட 2015-ல் அங்கு சட்டமே வந்தது. நம்ம ஊர் திருப்பங்களுக்கு அந்த நீளம் கனவுதான்.

பாதி இறக்கிய பிறகுதான் பயம்

முழு லோடுடன் போகும்போது டிரைவர் உஷாராக இருப்பார். ஆபத்து அடுத்த கட்டத்தில் இருக்கிறது. கீழ் தட்டு காலியானால்தான் மேல் தட்டை இறக்க முடியும். எனவே வேலூரில் நாலு காரை இறக்கிவிட்டால் மிச்சம் நாலும் மேலேயே இருக்கும். அடிப்பக்கம் காலி, தலை கனம். இந்த நிலையில்தான் சேலம் போகும் வண்டி தர்மபுரி மாவட்டம் தொப்பூர் கணவாயில் இறங்குகிறது. விபத்துகளுக்குப் பேர்போன இறக்கம் அது. அங்கே பிரேக்கைப் பலமாக மிதித்து சக்கரம் பூட்டிக்கொண்டால் லாரியும் டிரெய்லரும் கத்தி மடங்குவது போல மடங்கிவிடும். எந்த இணைப்பு மாட்டியிருந்தாலும் அதைத் தடுக்க முடியாது. கியரை முன்கூட்டியே குறைப்பது ஒன்றுதான் வழி.

பழைய டிரெய்லர் வாங்குகிறீர்களா?

கிங் பின் 2 அங்குலம், மூன்றரை அங்குலம் என 2 அளவுகளில் வருகிறது. லாரியின் தாடையும் அதே அளவில் இருக்க வேண்டும். புதுசாக இருக்கும்போது 2 அங்குல பின்னின் குறுக்களவு 50.8 மில்லி மீட்டர். 2 மில்லி மீட்டர் அளவுக்குத் தேய்ந்தாலே மாற்றிவிட வேண்டும். கண்ணால் பார்த்தால் தெரியாது, அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். பெயிண்ட் பளபளப்பில் மயங்கி வாங்கிவிட்டு, பிறகு 'டக் டக்' என்று சத்தம் வருகிறதே என்று புலம்புகிறவர்கள் உண்டு.

மாட்டும்போதும் கவனம் தேவை. டிரெய்லர் அதிக உயரத்தில் நின்றால் பின் தாடைக்குள் சரியாக இறங்காமல் மேலேயே தொத்திக்கொள்ளும். பார்க்க மாட்டியது போலவே இருக்கும், ஸ்பீடு பிரேக்கரில் கழன்றுவிடும். அதனால் டார்ச் அடித்து அடியில் குனிந்து பார்க்க வேண்டும். 2 தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. டிரெய்லர் பிரேக்கைப் பிடித்தபடி லாரியை மெதுவாக முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் முன்பக்கத் தாங்கு கால்களைத் தூக்க வேண்டும். மொத்தமும் 5 நிமிட வேலை. லோடிங் யார்டில் பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்கிறதே என்று கிளீனரிடம் விட்டுவிட்டு டிரைவர் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பதும் நடக்கிறது.