மோவாய் மட்டத்தில் ஒரு கவுண்டர்

வாசலில் சாய்தளம் போட்டாயிற்று, நம் கடமை முடிந்தது என்று எந்தப் புண்ணியவான் சொல்லிவைத்தாரோ! சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு உள்ளே போய்விடலாம், சரி. போன பிறகு? காபிக் கடையோ ஜூஸ் கடையோ, இப்போது எல்லாருக்கும் பார் கவுண்டர் வேண்டும். 42 அங்குல உயரம். நிற்பவருக்கு முழங்கை ஊன்ற வாகு. உட்கார்ந்திருக்கும் எனக்கு மோவாய் மட்டம். கொதிக்கிற காபியை அங்கிருந்து இறக்குவதற்குள் பாதி சட்டையில்.

பணம் கட்டுவது அதைவிடக் கூத்து. கார்டு மெஷினின் வயர் கீழே எட்டாது. "நம்பர் சொல்லுங்க சார், நானே போட்டுடறேன்" என்கிறார் கல்லாவில் இருக்கும் தம்பி. வரிசையில் நிற்கும் அத்தனை பேர் காதிலும் விழ என் ரகசிய எண்ணை ஒப்பிக்க வேண்டுமாம்!

சில இடங்களில் ஓரமாகக் கொஞ்சம் தாழ்த்தியிருப்பார்கள். கிட்டப் போனால் அதன்மேல் பூந்தொட்டி, டிஷ்யூ பெட்டி, காலி தண்ணீர்க் கேன். அடியில் பிளைவுட் வைத்து அடைத்திருக்கும். முட்டியை எங்கே நுழைப்பது? வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, இடுப்பைத் திருகிக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். அமெரிக்க விதியில் சாப்பிடும் பலகை 28 முதல் 34 அங்குலத்துக்குள், அடியில் முட்டிக்கு 27 அங்குலம் காலி. முட்டி என்று ஒன்று இருப்பது அங்கே யாருக்கோ ஞாபகம் வந்திருக்கிறது.

இங்கே மட்டும் சட்டம் இல்லையா? 2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடங்களையும் சேர்த்துத்தான் பேசுகிறது. அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக விடாமல் கட்டாயமாக்குங்கள் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்று மாதக் கெடுவும் வைத்தது. அந்தச் சேதி கவுண்டருக்குப் படம் போடும் இன்டீரியர்காரர்கள் வரை வந்து சேர்ந்த மாதிரி தெரியவில்லை.

கேட்டால், "செலவாகும் சார்." உயரம் குறைந்தால் பலகை மிச்சம்தானே ஐயா? கிரானைட் ஒட்டிய பிறகு உடைத்தால்தான் செலவு.

அதனால்தான் தெருமுனைப் புதுக் கடையில் மரவேலை நடக்கும்போதே போய்ச் சொன்னேன்: மூன்றடி நீளத்துக்குத் தாழ்த்துங்கள், அடியை அடைக்காதீர்கள். முதலாளி பொறுமையாகக் கேட்டார். "நீங்க ஏன் சார் சிரமப்படறீங்க? ஒரு போன் போடுங்க, பார்சல் வீட்டுக்கே வந்துடும்" என்றார்.

காபி என் வீட்டிலேயே இருக்கிறது. நான் கடைக்குப் போவது நாலு பேரோடு உட்கார்ந்து வம்பளக்க.