குழாய் வந்தால் போதுமா?

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊரக வீடு ஒவ்வொன்றுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று இலக்கு வைத்தது. பெண்கள் குடத்தோடு நடக்கும் தூரத்தைக் குறைக்கும் பெரிய காரியம் அது. ஆனால் அந்தத் தண்ணீரை வீட்டார் குடிக்கிறார்களா என்பதை இணைப்புகளின் எண்ணிக்கை சொல்லாது. குழாய்த் தண்ணீரைப் புழக்கத்துக்கு வைத்துக்கொண்டு, குடிப்பதற்குக் கேன் தண்ணீர் வாங்கும் கூலிக் குடும்பங்கள் நம் கிராமங்களில் உண்டு. தண்ணீர் உப்புக் கரிக்கிறது, எப்போது வருமென்று தெரியவில்லை, மேல்நிலைத் தொட்டியைக் கழுவியே நாளாகிறது என்பவை வீண் புலம்பல்கள் அல்ல. திட்டம் எங்கே பழுதாகிறது என்பதற்கான நேரடிச் சாட்சியங்கள். வீட்டாரின் திருப்தியையும் அரசு ஓர் அளவுகோலாக ஏற்க வேண்டும்.

நாக்கை நம்பித் தண்ணீரின் தரத்தை முடிவு செய்யலாமா என்று பொறியாளர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பற்களில் கறையேற்றிய நிலத்தடி நீரின் ஃப்ளோரைடை எந்த நாக்கும் கண்டுபிடிக்கவில்லை. அங்கே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தேவைப்பட்டது அதனால்தான். குளோரின் வாடை பிடிக்காமல் பாதுகாப்பான தண்ணீரை ஒதுக்குவோரும் உண்டு. ஆனால் இது மக்களைக் கேட்காமல் விடுவதற்கான காரணமாகாது. அவர்களுக்குச் சொல்லவேண்டியதைச் சொல்வதற்கான காரணம். ஒரு லிட்டரில் ஃப்ளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது இந்தியத் தரநிர்ணயம். தம் ஊர்த் தண்ணீரில் அது எவ்வளவு என்று எத்தனை வீடுகளுக்குத் தெரியும்? ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனைப் பயிற்சி தர ஜல் ஜீவன் திட்டத்திலேயே வழியிருக்கிறது. அந்த முடிவுகளைக் கிராம சபையில் உரக்க வாசிக்கட்டும். வீட்டாரின் குறைகளையும் அதே கூட்டத்தில் தீர்மானமாகப் பதிவு செய்யட்டும்.