தரிசில் ஒரு தேனீ, ஒரு கறையான்

கேள்வி: எங்கள் கொல்லையை ஒட்டி அரை ஏக்கர் புல் தரிசு இருக்கிறது. தரையெல்லாம் பென்சில் கனத்தில் ஓட்டைகள். தேனீ போல ஒரு பூச்சி அதில் போய் வருகிறது. பக்கத்திலேயே கறையான் புற்றும் இருக்கிறது. அடுத்து மக்காச்சோளமும் கத்திரியும் போடப் போகிறோம். இரண்டுக்கும் சேர்த்து மருந்து ஊற்றிவிடலாமா?

- வாசகி, செந்துறை வட்டம், அரியலூர் மாவட்டம்

பதில்: அவசரப்பட்டு ஊற்றிவிடாதீர்கள். இரண்டும் மண்ணுக்குள் குடியிருந்தாலும் பிழைப்பு வேறு வேறு.

ஓட்டைக்குள் போவது தனியாக வாழும் காட்டுத் தேனீ. ராணி, வேலைக்காரி என்ற கூட்டம் கிடையாது. ஒவ்வொரு பெண் தேனீயும் தானே குழி தோண்டி, மகரந்தத்தைத் தேனில் பிசைந்து உருட்டி வைத்து, அதன்மேல் முட்டையிட்டு மூடிவிடும். தேன் கிடைக்காது, ஆனால் கையில் பிடித்து நசுக்கினால் ஒழியக் கொட்டாது. கத்திரிப் பூவில் மகரந்தப் பையின் நுனியில் சிறு துளைதான் உண்டு. நீலப்பட்டைத் தேனீ போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். பெட்டித் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூசணி, எள்ளுக்கும் காட்டுத் தேனீக்கள் உதவும். மக்காச்சோளத்துக்குக் காற்றே போதும்.

கறையான் கூட்டமாக வாழ்வது. எறும்புபோலத் தெரிந்தாலும் அது கரப்பான் பூச்சிக்குத்தான் சொந்தம். நம் பக்கத்தில் புற்று கட்டும் கறையான் காய்ந்த புல், சருகு, சாணத்தை உள்ளே கொண்டுபோய், அதில் பூஞ்சணம் வளர்த்துத் தின்கிறது. மழைக்குப் பிறகு புற்றில் முளைக்கும் காளானும், விளக்கைச் சுற்றும் ஈசலும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். அது குடையும் வழிகளில் மழைநீர் கீழே இறங்கும்.

ஆனால் மண் காய்ந்தால் மக்காச்சோளத்தின் வேரையும் அடித்தண்டையும் அரித்துச் சாய்த்துவிடும். முந்திரிக் கன்றையும் விடாது. அதற்கு வயலில்தான் வேலை. பழைய தட்டையையும் கட்டையையும் பொறுக்கிவிடுங்கள். மக்காத சாணத்தைப் போடாதீர்கள். அதுவே கறையானை அழைக்கும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுங்கள். வாடவிடாமல் தண்ணீர் கட்டுங்கள். அதற்கு மேலும் செடி சாய்ந்தால், அந்த இடத்துக்கு மட்டும் வேளாண்மை அலுவலரைக் கேட்டு மருந்து கொடுக்கலாம்.

தரிசில் ஊற்றினால் கறையானோடு தேனீயும் சாகும். உழுதாலும் குழிக்குள் இருக்கும் புழுக்கள் அழியும். கத்திரி காய்க்கவேண்டும் என்றால் அந்த அரை ஏக்கரை அப்படியே விட்டுவையுங்கள்.