கொடைக்கானலில் வண்டிகளை எண்ணியாச்சு... கிரவுண்டுக்கு வராத மாணவிகளை யார் எண்ணுவது?

கொடைக்கானலுக்கு ஒரு நாளில் எத்தனை சுற்றுலா வண்டிகள் வரலாம்? இதற்குத் துல்லியமான பதில் இருக்கிறது. 2025 கோடை சீசனுக்கு சென்னை உயர் நீதிமன்றம் நிர்ணயித்த வரம்பு, வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000. 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம். மலை எவ்வளவு கூட்டத்தைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது.

ஓய்வெடுக்க மலையேறி வருகிறவர்களைப் பற்றி இவ்வளவு கணக்கு. சரி, அதே மலையில் படிக்கிறவர்களின் ஓய்வு, விளையாட்டு, மனநலம் பற்றி?

தமிழகத்தின் ஒரே அரசு மகளிர் பல்கலைக்கழகமான அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இருப்பது கொடைக்கானல் அட்டுவம்பட்டியில்தான். தொடங்கிய ஆண்டு 1984. மலையடிவாரத்தில் பழனியில் இருக்கும் அருள்மிகு பழனியாண்டவர் மகளிர் கலைக் கல்லூரி அதன் இணைப்புக் கல்லூரி. கல்லூரியில் விளையாட்டும் பொழுதுபோக்கும் எல்லோருக்கும் கிடைக்கிறதா, அது மனநலத்துக்கு உதவுகிறதா என்று ஆராய இதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம். அப்படி ஓர் ஆய்வுக்கு யார் பணம் தருவார்கள் என்பதுதான் சிக்கல்.

'ஸ்போர்ட்ஸ்' வேறு, விளையாடுவது வேறு

நம்ம ஊர் கல்லூரிகளில் ஸ்போர்ட்ஸ் என்றால் டீம். பி.டி. சார் செலக்‌ஷன் வைப்பார், பத்துப் பன்னிரண்டு பேர் தேர்வாவார்கள், இன்டர் காலேஜ் மேட்ச், கேடயம், கல்லூரி முகப்பில் பேனர். மீதி ஆயிரம் பேர்? ஸ்போர்ட்ஸ் டே அன்றைக்குக் கைதட்டுபவர்கள். ஆனால் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு வரி பெரும்பாலும் எல்லோருடைய ஃபீஸ் ரசீதிலும் இருக்கும்.

இங்கே பேசுவது பதக்கத்தைப் பற்றி அல்ல. வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம் ஷட்டில் ஆடுவது, தோழிகளோடு நடப்பது, யோகா, கேரம், நடனம், மலைப்பாதையில் ஒரு ட்ரெக்கிங். ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லாத விளையாட்டு.

யார் வருவதில்லை?

முதலில் பெரிய படம். தமிழ்நாட்டையும் உள்ளடக்கிய ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு 2014-ல் வெளியானது. அதில் 54.4% பேர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள். பொழுதுபோக்காக உடற்பயிற்சியோ விளையாட்டோ செய்பவர்கள் 10 சதவீதம்கூட இல்லை. 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்குப்படி, போதிய உடலியக்கம் இல்லாதவர்கள் இந்தியப் பெண்களில் 57%, ஆண்களில் 42%.

'பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்லை' என்று இதை முடித்துவிட முடியாது. 2024-ம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு சொல்வது இது: சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். விளையாட்டுக்கான நேரம் எங்கே போகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

பழனி மலையில் இதோடு இன்னும் சில காரணங்கள் சேரலாம். பூம்பாறை, மன்னவனூர் பக்கத்திலிருந்து வரும் மாணவிக்கு ஊர் பஸ்தான் கடிகாரம். கிரவுண்டு திறக்கும் நேரமும் பஸ் கிளம்பும் நேரமும் ஒன்றாக இருந்தால் அவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? அக்டோபர், நவம்பரில் மழை. சாயங்காலம் பனிமூட்டம் இறங்கிவிட்டால் திறந்தவெளி மைதானம் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஹாஸ்டல் கேட் மூடும் நேரம், டிராக் பேண்ட் போட்டால் வரும் பேச்சு, மைதானத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்கிறதா என்பது, எல்லாமே முடிவைத் தீர்மானிக்கும். டீமில் யாரைச் சேர்க்கிறார்கள், யாரைக் கூப்பிடுவதே இல்லை என்பதில் சாதி ஒளிந்திருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருபவருக்கு மலைச்சரிவில் இருக்கும் மைதானத்தின் முதல் படிக்கட்டே கடைசிப் படிக்கட்டு.

மாற்றுத்திறனாளிகளுக்குச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 29-ல் பொழுதுபோக்கையும் பிரிவு 30-ல் விளையாட்டையும் உரிமையாகப் பேசுகிறது. பிரிவு 28 ஆய்வுகளை ஊக்குவிப்பதையும் அரசின் கடமையாக்குகிறது.

மனநலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2023-ல் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,892 பேர். 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், உயர்கல்வி மாணவர்களின் மனநலம் பற்றி ஆராய ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதற்கு முன்பே, 2023-ல், உடற்தகுதி, விளையாட்டு, மாணவர்களின் மனநலம் மூன்றையும் இணைத்து யுஜிசி வழிகாட்டுதல்களை வெளியிட்டது.

விளையாட்டு மனதுக்கு நல்லது என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் இதில் ஒரு முடிச்சு உண்டு. விளையாடுவதால் மனம் லேசாகிறதா, அல்லது ஏற்கெனவே மனம் லேசாக இருப்பவர்கள்தான் விளையாட வருகிறார்களா? மைதானத்தில் நிற்பவர்களிடம் மட்டும் கேள்வித்தாள் கொடுத்தால் இது தெரியவே தெரியாது. வராதவரைத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். அதற்கு நேரம் வேண்டும், ஆட்கள் வேண்டும், அதாவது பணம் வேண்டும்.

பணம் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கதவிலும் வேறு பெயர்ப்பலகை.

2023-ல் சட்டமாகி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்து ஆண்டுகளில் திட்டமிடப்பட்ட தொகை 50,000 கோடி ரூபாய். அதன் முக்கியக் களம் அறிவியலும் தொழில்நுட்பமும். சமூக அறிவியலுக்கு இடம் உண்டு, ஆனால் அறிவியலோடு தொடும் இடத்தில் மட்டும். சமூக அறிவியலுக்கென்றே இருப்பது 1969-ல் தொடங்கிய ஐசிஎஸ்எஸ்ஆர். கல்லூரி ஆசிரியர் ஒருவர் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். ஆனால் அங்கே கல்வி, வேலை, வறுமை, குடியேற்றம் என எல்லாத் தலைப்புகளோடும் போட்டி போட வேண்டும்.

நிறுவனங்களின் சிஎஸ்ஆர் நிதி? கம்பெனிகள் சட்டத்தின் 7-வது அட்டவணை கிராமப்புற விளையாட்டு, பாராலிம்பிக், ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கான 'பயிற்சி'யை ஏற்கிறது. பதக்கத்துக்கு வழி இருக்கிறது. சும்மா ஷட்டில் ஆடுவதற்கு அந்த வரியில் இடமில்லை.

மதிப்பீட்டு முறைகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன. நாக் மதிப்பீட்டில் விளையாட்டு, கலை நிகழ்ச்சிகளில் வாங்கிய விருதுகளின் எண்ணிக்கை ஓர் அளவுகோல். என்ஐஆர்எஃப் தரவரிசையில் 'உள்ளடக்கம்' என்பதற்கு மதிப்பெண் உண்டு. அது பார்ப்பது பெண்கள் எத்தனை பேர், பின்தங்கிய பிரிவினர் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகளுக்கு வசதி இருக்கிறதா என்பதை. கல்லூரிக்குள் வந்த பிறகு மைதானத்துக்குள் வந்தார்களா என்பது கணக்கில் இல்லை. எதற்கு மார்க் இருக்கிறதோ, கல்லூரி அதைத்தானே எண்ணும்?

ஒரு சின்ன நிதி என்ன செய்யும்?

அமெரிக்காவில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. நிறவெறி சட்டமாகவே இருந்த 1940-களின் இறுதியில், நியூ ஆர்லியன்ஸ் டில்லார்ட் பல்கலைக்கழகத்தின் வில்லியம் வாசன், கார்னெகி நிதியுதவியோடு கறுப்பின மாணவர்களின் கல்லூரிகளுக்குப் போய், அங்கே கல்லூரிக்குள் நடக்கும் விளையாட்டுகளை ஆராய்ந்தார். அந்த ஆய்வின் தொடர்ச்சியாக 1950-ல் 11 கல்லூரிகளின் பிரதிநிதிகள் கூடி ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதுதான் இன்றைக்கு அந்த நாட்டின் கல்லூரிப் பொழுதுபோக்குத் துறைக்கே தலைமை அமைப்பாக இருக்கும் நிர்சா. ஒதுக்கப்பட்டவர்கள் தங்களைத் தாங்களே ஆராய்ந்ததில் பிறந்த அதே அமைப்பு, பின்னாளில் பெண்களை வெளியே நிறுத்தியது. 1971-ல்தான் மறுபடி கதவைத் திறந்தது. உள்ளடக்கம் என்பது ஒருமுறை செய்து முடிக்கிற வேலை இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

இங்கே எப்படிச் செய்யலாம்?

'ஆய்வு எதுக்கு? அந்தக் காசுல ஒரு இன்டோர் ஸ்டேடியம் கட்டலாமே?' நியாயமான கேள்விதான். ஆனால் தடை பஸ் நேரம் என்றால், ஸ்டேடியம் கட்டினாலும் அந்த மாணவி வரப்போவதில்லை. எது தடை என்று தெரிந்த பிறகு கட்டினால் காசு மிச்சம்.

பழனி மலையில் ஒரு வசதி இருக்கிறது. ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ் மலை மேல் குளிரும் பனியுமாக ஒரு வளாகம், அடிவாரத்தில் வெயிலடிக்கும் ஒரு கல்லூரி. இரண்டிலும் இரண்டு செமஸ்டர் பார்க்கலாம். முதல் செமஸ்டரில் வருகிறவர், வராதவர் இருவரையும் கணக்கெடுப்பது. அடுத்ததில் ஒரே ஒரு மாற்றம்: மதிய இடைவேளையில் மைதானமோ அறையோ திறந்திருக்கட்டும், டீம் செலக்‌ஷன் கிடையாது. யார் புதிதாக வந்தார்கள், அவர்களின் தூக்கம், தனிமை, மன அழுத்தம் மாறியதா என்று பார்ப்பது. கணக்கெடுக்கும் மாணவிகளுக்குச் சம்பளம் தர வேண்டும். மனநலம் பற்றிய பதில்கள் நிர்வாகத்தின் கைக்குப் போகக் கூடாது. முடிவுகள் தமிழிலும் வெளியாக வேண்டும். இதற்குப் பெரிய கருவிகளோ ஆய்வகமோ தேவையில்லை. பெரிய செலவு ஆட்களுக்கான சம்பளம்தான்.

தமிழகத்தில் உயர்கல்வி சேரும் பெண்களின் விகிதம் 2021-22 கணக்குப்படி 47.3%. தேசிய சராசரி 28.5%. வகுப்பறை வரை பெண்களைக் கொண்டுவருவதில் நாம் ஜெயித்திருக்கிறோம். அடுத்த அடி, வகுப்பறைக்கு வெளியே அவர்களுக்கான ஒரு மணி நேரம்.

உங்கள் கல்லூரியில் இந்த மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: விளையாட்டுக் கட்டணமாக எவ்வளவு வசூலானது? அதில் டீமில் இல்லாதவர்களுக்காகச் செலவானது எவ்வளவு? கடந்த மாதம் மைதானத்தைப் பயன்படுத்தியவர்கள் எத்தனை பேர்? மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லை என்றால், ஆய்வை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

மன அழுத்தம் அதிகமாக இருந்தாலோ, தவறான எண்ணங்கள் வந்தாலோ, தயங்காமல் அழையுங்கள்: டெலி மனாஸ் 14416, தமிழக அரசின் உதவி எண் 104.