எல்லை தாண்டட்டும் குற்றப்புள்ளி

உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வழியாக மலேசியாவுக்குப் போகும் சிங்கப்பூர் காரில் பெட்ரோல் தொட்டி முக்கால் பங்காவது நிறைந்திருக்க வேண்டும். முள் அதற்குக் கீழே நின்றால் காரைத் திருப்பி அனுப்புவார்கள், அபராதமும் விதிப்பார்கள். 1991 முதல் இருக்கும் விதி இது. எதிர்த்திசையில் வரும் மலேசியக் காருக்கு ஆட்டோபாஸ் அட்டை வேண்டும்; நுழைவுக் கட்டணமும் சுங்கக் கட்டணமும் அதன் மூலம்தான் வசூலாகின்றன. ஜோகூர் பக்கம் நுழையும் வெளிநாட்டுக் காருக்கு ஒவ்வொரு முறையும் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். 2025 ஜூலை முதல், விஇபி என்னும் வாகன நுழைவு அனுமதி இல்லாத சிங்கப்பூர் காருக்கு 300 ரிங்கிட் அபராதம். ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தில் இரண்டு அரசுகளும் இத்தனையையும் கணக்குப் பார்த்துத்தான் வண்டிகளை விடுகின்றன. ஆனால் அந்த வண்டியை ஓட்டியவர் மறுபக்கத்தில் எந்த வேகத்தில் பறந்தார் என்பது அவருடைய சொந்த நாட்டு உரிமக் கணக்கில் ஏறுவதே இல்லை.

உரிமம் தாராளமாகக் கடக்கிறது. ஒரு நாடு வழங்கிய ஓட்டுநர் உரிமத்தை மற்ற நாடும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற உடன்பாட்டில் ஆசியான் நாடுகள் 1985 ஜூலையில் கோலாலம்பூரில் கையெழுத்திட்டன. அதனால்தான் தோ பாயோவில் வசிப்பவர் புதிதாக எந்தத் தேர்வும் எழுதாமல் ஈப்போவுக்கும் பினாங்குக்கும் காரோட்டிப் போகிறார். தைப்பூசத்துக்குப் பத்துமலை, தீபாவளிக்குச் சொந்த ஊர், பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலை என்று தமிழ்க் குடும்பங்கள் எத்தனையோ ஆண்டுகளாக இப்படித்தான் போய்வருகின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒருவருக்கு ஓட்டத் தகுதி இருக்கிறது என்று ஒருவரையொருவர் நம்பும் இரண்டு நாடுகள், அந்தத் தகுதியை அவர் இழக்கும் அளவுக்கு நடந்துகொண்டால் அதையும் சொல்லிக்கொள்ள வேண்டாமா?

சிங்கப்பூரில் 24 மாதங்களுக்குள் 24 குற்றப்புள்ளி சேர்ந்தால் உரிமம் முடக்கப்படும். 2026 ஜனவரியில் தண்டனை இன்னும் கடுமையானது. வேக வரம்பை 20 கிலோமீட்டர் வரை மீறினாலே காருக்கு 200 வெள்ளி அபராதம், கூடவே 6 புள்ளி. நான்கு முறை சிக்கினால் கணக்கு நிறைந்துவிடும். டாக்சி ஓட்டுபவர், பொருள் விநியோகிப்பவர், பிள்ளைகளைப் பள்ளியில் விடும் தாய் என்று எல்லாருக்கும் அபராதத்தைவிட இந்தப் புள்ளிதான் பயம். பணத்தைக் கட்டிவிட்டு மறந்துவிடலாம். புள்ளி கூடவே வரும்.

அதே ஓட்டுநர் கடற்பாலத்தைத் தாண்டி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் 110 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் 150-ல் போய்க் கேமராவில் பதிவானால் சிங்கப்பூர்க் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது. மலேசியாவில் ஒரு வேகச் சம்மனை நீதிமன்றம் போகாமல் தீர்க்க அதிகபட்சம் 300 ரிங்கிட். இன்றைய மாற்று விகிதத்தில் அது நூறு வெள்ளிக்கும் குறைவு. விரைவாகக் கட்டினால் அதிலும் பாதி மிச்சமாகும். தன் ஊரில் 20 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டுவதைவிட, அடுத்த ஊரில் 40 கிலோமீட்டர் கூடுதலாக ஓட்டுவது மலிவாகிப் போகிறது.

திருப்பிப் பார்த்தால் வேறொரு அநியாயம் தெரியும். புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வரம்பு மீறும் மலேசியத் தொழிலாளிக்கு 200 வெள்ளி என்பது 600 ரிங்கிட்டுக்கும் மேல். மலேசியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 1,700 ரிங்கிட். தவறு ஒன்றுதான், தண்டனையோ ஒருவரை உலுக்கிப் போடுகிறது, இன்னொருவரைத் தொடுவதுகூட இல்லை. அபராதத்தை எவ்வளவு உயர்த்தினாலும் இந்தக் கோணல் நிமிராது. உயர்த்த உயர்த்த ஏழையின் மேல்தான் பாரம் கூடும். குற்றப்புள்ளிக்கு நாணய மாற்று விகிதம் கிடையாது. சொகுசுக் காரில் போகிறவருக்கும் பழைய மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கும் ஆறு புள்ளி ஆறு புள்ளிதான். எல்லை தாண்டி வேக வரம்பை அமலாக்க வேண்டுமானால் பணத்தைத் துரத்துவதைவிடப் புள்ளியைக் கடக்கவிடுவதே நேர்மையான வழி என்று சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

வேகம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு நொடியில் 25 மீட்டர் நகர்கிறது. 150-ல் அதே நொடியில் கிட்டத்தட்ட 42 மீட்டர். முன்னால் போகும் லாரியின் பிரேக் விளக்கு சிவந்து, அது கண்ணில் பட்டு, கால் பிரேக்கின் மேல் போய் விழுவதற்குள் ஒரு நொடியாவது கழிந்துவிடும். அந்த ஒரு நொடியில் கார் பன்னிரண்டு பதினான்கு மாடி உயரத்துக்குச் சமமான தூரத்தைப் பிரேக் பிடிக்காமலே கடந்திருக்கும். மோதினால் வெளிப்படும் ஆற்றல் 110-ல் இருப்பதைப் போல் கிட்டத்தட்ட இரு மடங்கு. சராசரி வேகம் ஒரு விழுக்காடு கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான அபாயம் நான்கு விழுக்காடு கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஓட்டுநர் எந்த நாட்டு உரிமம் வைத்திருக்கிறார் என்பதால் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை. நெகிரி செம்பிலானில் நெடுஞ்சாலை ஓரம் டயர் மாற்றிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்கு, தங்களை உரசிக்கொண்டு போன காரின் எண் தகடு எந்த நாட்டுடையது என்பது முக்கியமே இல்லை.

இரண்டு அரசுகளும் சும்மா இருந்துவிடவில்லை. சிங்கப்பூரில் வெளிநாட்டு வாகனங்கள் கட்டாமல் விட்ட போக்குவரத்து, வாகன நிறுத்த, புகை அபராதங்கள் 2018 இறுதியில் ஏறத்தாழ நான்கு லட்சம். தொகை சுமார் 3.2 கோடி வெள்ளி. அதன் பிறகு சிங்கப்பூர் கண்டிப்பு காட்டியது. 2019 ஏப்ரல் 1 முதல் நிலுவை வைத்திருக்கும் வெளிநாட்டு வாகனத்துக்கு எல்லையில் நுழைவு மறுக்கப்படலாம் என்று அறிவித்தது. மலேசியா விஇபி வழியைப் பிடித்தது. பல முறை தள்ளிப்போன அந்தத் திட்டம் 2024 அக்டோபர் 1-ல் நடைமுறைக்கு வந்து, 2025 ஜூலையில் முழு அபராதத்தோடு நிலைபெற்றது. எந்தக் கார் எப்போது வந்தது, யாருடையது என்பது இப்போது அங்கே தெரியும். சம்மனைக் கிழித்துப் போட்டுவிட்டுத் திரும்பிய காலம் முடிந்துகொண்டிருக்கிறது.

ஆனால் இவை இரண்டும் கடன் வசூலிக்கும் ஏற்பாடுகள். ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய அபராதத்தைச் சாவடியில் கேட்டு வாங்குவதால் அரசுக்குப் பணம் வரும். ஐந்து ஆண்டுகளாக அந்த ஓட்டுநர் ஓட்டிய விதம் அப்படியேதான் இருந்திருக்கும். எல்லையில் தடுக்கப்படுவதும் வாகனம்தான், ஓட்டியவர் இல்லை. விடிவதற்கு முன்பே மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்பாலத்தில் வரிசையில் நிற்கும் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்காரர்களில் ஒருவர், அண்ணனிடம் இரவல் வாங்கிய வண்டியில் வந்திருக்கலாம். அண்ணன் என்றோ கட்டாமல் விட்ட அபராதத்துக்காகத் தம்பி திருப்பி அனுப்பப்பட்டால் அன்றைய சம்பளம் போகும். உண்மையில் வேகமாக ஓட்டிய அண்ணனின் உரிமத்துக்கு அப்போதும் எதுவும் ஆகாது.

ஐரோப்பா இந்தச் சிக்கலோடு நெடுநாள் மல்லுக்கட்டியிருக்கிறது. அங்கே சாலையில் ஓடும் வண்டிகளில் வேற்று நாட்டவருடையவை சுமார் 5 விழுக்காடுதான். வேகக் குற்றங்களிலோ அவர்களின் பங்கு சுமார் 15 விழுக்காடு என்று ஐரோப்பிய ஆணையம் கணக்கிட்டது. கோடை விடுமுறையில் பிரான்சின் நெடுஞ்சாலைகளில் இந்தப் பங்கு பாதியை நெருங்கும். பிடிபட்டாலும் வீடு வரை யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியம்தான் காரணம். எண் தகட்டை வைத்து உரிமையாளரைக் கண்டுபிடிக்க உறுப்பு நாடுகள் தகவல் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று 2011-ல் ஒரு சட்டம் வந்தது. காவல்துறை ஒத்துழைப்பு என்ற பிரிவில் அதை இயற்றியது தவறு, அது போக்குவரத்துப் பாதுகாப்புச் சட்டம் என்று சொல்லி 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சோர்ந்துவிடாமல் 2015-ல் சரியான பிரிவின் கீழ் மறுபடி இயற்றினார்கள். வேகம், சிவப்பு விளக்கு, மது, போதைப்பொருள், இருக்கை வார், தலைக்கவசம், கைப்பேசி, தடை செய்யப்பட்ட தடம் ஆகிய எட்டுக் குற்றங்கள் அதில் வந்தன. அப்படியும் எல்லை தாண்டிய குற்றங்களில் சுமார் 40 விழுக்காடு தண்டிக்கப்படாமலே போயின. 2024 டிசம்பரில் சட்டத்தை மேலும் இறுக்கினார்கள். 2025-ல் வந்த புதிய உரிமச் சட்டம், ஒரு நாட்டில் ஓட்டத் தடை பெற்றவருக்கு ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் அந்தத் தடை பொருந்த வழி செய்கிறது. அபராதத்தில் தொடங்கியவர்கள் பதினான்கு ஆண்டுகள் கழித்து உரிமத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

பெரிய ஒன்றியம் இருந்தால்தான் இது நடக்கும் என்றும் இல்லை. அயர்லாந்துத் தீவை எடுத்துக்கொள்ளலாம். தெற்கே அயர்லாந்துக் குடியரசு, வடக்கே பிரிட்டனின் ஆட்சியில் உள்ள வட அயர்லாந்து. இடையே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை, அதைக் கடக்க இருநூறுக்கும் மேற்பட்ட சாலைகள், சாவடி ஒன்றுகூட இல்லை. 2005 ஜனவரியில் தெற்கு கிலோமீட்டருக்கு மாறியது. வடக்கில் இன்றும் மைல்தான். ஒரே பயணத்தில் வேக அறிவிப்புப் பலகையின் அளவையே மாறிவிடும். இப்படிப்பட்ட எல்லையிலும் ஒரு பக்கம் வேகத்துக்காகவோ ஆபத்தாக ஓட்டியதற்காகவோ மதுபோதையில் ஓட்டியதற்காகவோ உரிமம் இழந்தவர் மறுபக்கமும் ஓட்ட முடியாது என்று இரண்டு அரசுகளும் ஒப்பந்தம் செய்துகொண்டன. அது 2017 ஆகஸ்ட் 1-ல் நடைமுறைக்கு வந்தது. இரு நாடுகளுக்கு இடையிலான தனி ஒப்பந்தம் என்பதால், பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய பிறகும் அது தப்பியது. குற்றப்புள்ளிகளைப் பகிரும் ஏற்பாடு மட்டும் அங்கேயும் இன்னும் கைகூடவில்லை, அது ஒரு குறைதான். ஜெர்மனியும், ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்தும்கூட 2024 மே முதல் ஒருவர் விதித்த அபராதத்தை மற்றவர் வசூலித்துக் கொடுக்கின்றனர்.

இங்கே எழும் ஆட்சேபங்களில் இறையாண்மை பற்றியது பலவீனமானது. உரிமத்தை ஏற்றபோது குலையாத இறையாண்மை, குற்றப் பதிவை ஏற்றால் குலையுமா? கனமான கேள்விகள் வேறு. கேமரா படம் பிடிப்பது எண் தகட்டை. ஓட்டியது யார் என்று யார் சொல்வது? வாடகைக் காராக இருந்தால்? போலி எண் தகடாக இருந்தால்? மலாய் மொழியில் வரும் சம்மனைப் படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? இவற்றுக்கு விடை இல்லாமல் புள்ளியைக் கடக்கவிட்டால் தவறு செய்யாதவரின் உரிமம் பறிபோகும், அதை எந்த நியாயமும் ஏற்காது. ஆனால் இந்தக் கேள்விகள் உள்நாட்டிலும் உண்டு. சிங்கப்பூர்ச் சட்டப்படி, வண்டியை ஓட்டியது யார் என்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும். அதே கடமையை எல்லைக்கு அப்பாலும் நீட்டிக்கலாம். அறிவிப்புக் கடிதம் வாகனப் பதிவின் மொழியில் போக வேண்டும் என்பதை ஐரோப்பியச் சட்டம் முன்பே சொல்லிவிட்டது. சிங்கப்பூரில் நான்கு அதிகாரத்துவ மொழிகள் இருக்கின்றன. தமிழிலும் ஒரு பக்கம் இணைப்பது பெரிய வேலை இல்லை. குற்றம் பதிவான சில நாள்களிலேயே கைப்பேசிக்குத் தகவல், சொந்த நாட்டிலேயே மேல்முறையீடு, படத்தையும் இடத்தையும் நேரத்தையும் பார்க்கும் வசதி ஆகிய மூன்றும் இல்லாமல் ஒரு புள்ளிகூடக் கடக்கக் கூடாது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. நீதிமன்றம் ஓட்டத் தடை விதித்தவர்களிடமிருந்து தொடங்கலாம். அவர்களுக்கு விசாரணை முடிந்துவிட்டது, ஆள் யார் என்பதிலும் ஐயமில்லை. ஒருபக்கம் தடை பெற்றவர் மறுபக்கம் ஸ்டீயரிங்கைத் தொடக் கூடாது என்பதை யார் மறுப்பார்கள்? அடுத்து, வரம்பை 40 கிலோமீட்டருக்கு மேல் மீறும் கடும் வேகக் குற்றங்கள். அவை நன்றாக நடந்தால் மற்றவை. சிங்கப்பூரும் மலேசியாவும் 2025 ஜனவரி 7 அன்று ஜோகூர் சிங்கப்பூர் சிறப்புப் பொருளியல் மண்டலத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டன. சரக்கும் ஆள்களும் இன்னும் வேகமாகக் கடக்க வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். இப்போதே நாளொன்றுக்கு மூன்று லட்சம் பேருக்கு மேல் கடக்கிறார்கள், இனி லாரிகளும் வேன்களும் கூடும். கியூஆர் குறியீட்டைக் காட்டிக் கடப்பதற்கும் சரக்கு ஆவணங்களை மின்னிலக்கமாக்குவதற்கும் அதிகாரிகள் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். இரு நாட்டுப் பிரதமர்களின் அடுத்த சந்திப்பில் உரிமத் தடைப் பட்டியலைப் பகிர்வதையும் பேச்சுக்கு எடுக்கட்டும். அதற்குப் புதிய கேமரா வேண்டாம், புதிய சாவடி வேண்டாம். நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் போக்குவரத்துக் காவல்துறையிடமும் மலேசியச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடமும் தரவு ஏற்கெனவே இருக்கிறது.