“பிறகு சொல்லி அனுப்புகிறோம்!”

“பிறகு சொல்லி அனுப்புகிறோம்!” பட்டம் பெற்று, பணி தேடிப் பெருநகர் வந்த நம் இளைஞன், பளிங்குத் தரை பளபளக்கும் கம்பெனி மாளிகையிலிருந்து பெற்றுத் திரும்பும் பிரசாதம் இதுதான். சொல்லி அனுப்புவார்களா? மாட்டார்கள். நாள் நகரும், வாரம் வளரும், மாதம் மறையும், மடல் வராது. என்ன ஆயிற்று என்று அவனே எழுதிக் கேட்டாலோ, மௌனமே மறுமொழி!

காலை பத்து மணிக்கு வா என்பர். மாலை நான்கு மணிக்கு முகம் காட்டுவர். ஒரு சுற்றுத் தேர்வு என்பர். ஐந்து சுற்று ஓட வைப்பர். ‘திறமையைக் காண வேண்டும், இந்த வேலையை முடித்துக் கொண்டு வா’ என்பர். இரவெல்லாம் விழித்து அவன் செய்து தந்ததை வாங்கி வைத்துக்கொண்டு, கூலியும் தாரார், கொள்கிறோம், தள்ளுகிறோம் என்று ஒரு சொல்லும் கூறார். வந்தவள் பெண்ணாயின், ‘மணம் எப்போது?’ என்று கேட்கவும் கூசார். இன்றோ, மனிதனை மனிதன் கண்டு பேசவும் மனமில்லை. காமிராவின் முன் அமர்ந்து கணிப்பொறி கேட்கும் கேள்விக்கு விடை கூறு என்கிறார்கள்!

இது வெறும் மரியாதைக் குறைவுதானா? அன்று, தோழர்களே! கூர்ந்து நோக்குங்கள். பதில் சொல்லக் கடமைப்படாதவன், காரணம் சொல்லவும் கடமைப்படாதவன். காரணம் சொல்ல வேண்டாத இடத்தில்தான் சாதி சப்பணமிட்டு அமர்கிறது!

சான்று உண்டா என்பீர்கள். உண்டு. சுகதேவ் தோரட், பால் அட்வெல் என்னும் அறிஞர் இருவர், 2007-ஆம் ஆண்டு ‘எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’ ஏட்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தனியார் கம்பெனிகளின் விளம்பரங்களுக்கு, ஒத்த படிப்பும் ஒத்த தகுதியும் கொண்ட விண்ணப்பங்களை அனுப்பினர். பெயரை மட்டுமே மாற்றினர். விளைவு? அழைப்புப் பெறும் வாய்ப்பு உயர்சாதிப் பெயருக்கு 100 எனில், தாழ்த்தப்பட்டோர் பெயருக்கு ஏறத்தாழ 67; முஸ்லிம் பெயருக்கோ ஏறத்தாழ 33! படிப்பு ஒன்று, தகுதி ஒன்று, பெயர்தான் வேறு. தள்ளப்பட்டவனுக்குக் காரணம் சொன்னார் உண்டா?

அதே ஆண்டில், அதே ஏட்டில், சுரீந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் டில்லியில் ஆள் எடுக்கும் அதிகாரிகள் 25 பேரைக் கண்டு பேசியதை எழுதினர். ‘சாதி பார்ப்பதில்லை, தகுதியே பார்க்கிறோம்’ என்றவர்களே, குடும்பப் பின்னணி அவசியம் என்றும் உரைத்தனராம்! கணக்கு எழுதப் போகிறவனிடம் தகப்பன் தொழில் எதற்கு? எந்திரம் இயக்கப் போகிறவனிடம் எந்தத் தெரு என்ற விசாரணை எதற்கு? பூணூலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, ‘பின்னணி’ என்று புதுப்பெயர் சூட்டிக்கொண்டு வரும் பழைய வருணம் அல்லவா அது?

மௌனம் இன்னொரு கேடும் செய்கிறது. பதில் வராத வீட்டில் சோதிடன் நுழைகிறான். ‘சனி பார்க்கிறான், பரிகாரம் செய்’ என்கிறான். தாயின் காதணி அடகுக்குப் போகிறது. மகனோ, ‘என் தலையெழுத்து’ என்று தன்னையே நொந்துகொள்கிறான். கம்பெனி செய்த குற்றத்தைக் கிரகத்தின் தலையில் கட்டுவது என்னே கொடுமை!

‘ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வருகிறதே, அத்தனை பேருக்கும் பதில் எழுத இயலுமா?’ என்பர் மேதாவிகள். ஆயிரம் விண்ணப்பங்களை நொடியில் தள்ளத் தெரிந்த எந்திரத்துக்கு, ஆயிரம் பேருக்கு இரண்டு வரி எழுத மட்டும் தெரியாதோ?

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தைப் பாருங்கள். 25 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனம், விளம்பரம் செய்த வேலைக்கு நேர்காணல் நடத்தினால், 45 நாட்களுக்குள் முடிவு எடுக்கப்பட்டதா என்று விண்ணப்பித்தவருக்குத் தெரிவித்தாக வேண்டும். 2026 ஜனவரி முதல் நாளிலிருந்து அங்கே அது சட்டம். அங்கே இயல்வது இங்கே இயலாதா? நம் அரசியல் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அரசுப் பணியில் சம வாய்ப்பு அளிக்கிறது. அரசுத் தேர்வு எழுதியவன் 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டத்தைக் கையில் ஏந்திக் கேள்வி கேட்கலாம். தனியார் வாசலில் நிற்பவனோ வெறுங்கையன்!

ஆகவே நாம் கேட்கிறோம்: நேர்கண்டவருக்கு நாள் குறித்துப் பதில் தருக! தள்ளினால் காரணம் கூறுக! வேலை வாங்கினால் கூலி தருக! குலம் விசாரிக்கும் கேள்வியைக் குற்றமாக்குக! இவற்றைச் சட்டமாக்குக!

வேலை கேட்பவன் பிச்சை கேட்பவன் அல்லன். உழைப்பைத் தர வந்தவன். ஊதியம் அதன் விலை. இளைஞர்களே, அடுத்த முறை ‘பிறகு சொல்லி அனுப்புகிறோம்’ என்றால், தலை குனிந்து திரும்பாதீர்கள். நிமிர்ந்து நின்று கேளுங்கள்: “எந்த நாளில்?”